உஷார்! 'நாங்க நல்லா இருக்கோம்' என்று போனில் சொல்லும் பெற்றோரே

இந்த ஆகஸ்டில் மகனையோ மகளையோ விமானம் ஏற்றிவிட்டு வந்தீர்களா? அப்படியானால் அடுத்த ஆறு மாதம் ஜாக்கிரதையாக இருங்கள். போன பிள்ளையைப் பற்றிச் சொல்லவில்லை. வீட்டில் மிஞ்சியிருக்கும் உங்கள் இருவரைப் பற்றித்தான் சொல்கிறேன்.

புனேயில் ஜூலைக் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடு வரைக்கும் கோத்ரூட், அவுந்த், பாணேர், வாகட் என்று எந்தப் பக்கம் போனாலும் சொசைட்டி வாசலில் இதே காட்சிதான். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு பெரிய கார் வந்து நிற்கும். 23 கிலோ பெட்டி இரண்டு. கொக்கித் தராசில் மூன்றாவது தடவையாக எடை பார்ப்பார் அப்பா. 'சித்தளே' பாக்கர்வடி பாக்கெட்டை வெளியே எடுத்து ரசப்பொடியை உள்ளே திணிப்பார் அம்மா. மும்பை விமான நிலையத்துக்கு எக்ஸ்பிரஸ் சாலையில் மூன்று பேராகப் போய், விடியும்போது இரண்டு பேராகத் திரும்புவார்கள். பக்கத்து வீட்டுக் காக்கூ கேட்டால் 'நல்லபடியா ஏத்திவிட்டோம்' என்பார்கள். மறுநாள் அப்பா ஆபீஸ் போவார். அம்மா மூன்று டம்ளர் காபி கலந்துவிட்டு ஒன்றைத் திரும்பப் பாத்திரத்தில் ஊற்றுவார். வெளியே எதுவும் தெரியாது. எனக்குப் பயமே அந்த 'வெளியே தெரியாது' என்பதில்தான்.

பிள்ளை பிரிந்து போவது ஆபத்தில்லை. அழுகை வருவதும் ஆபத்தில்லை. இருபது வருடம் ஒரு ஆளைச் சுற்றியே ஓடிய வீட்டில் அந்த ஆள் இல்லையென்றால் அழுகை வரத்தான் வரும். 'காலிக்கூடு' என்று பத்திரிகைகள் பெயர் வைத்திருக்கும் இந்த நிலை, எந்த மருத்துவக் கையேட்டிலும் தனி நோயாகப் பட்டியலிடப்படவில்லை. பெரும்பாலோருக்குச் சில மாதங்களில் தானாகவே தணிந்துவிடும். ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. தினமும் ராத்திரி எட்டு மணிக்கு வரும் வீடியோ அழைப்பில், முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து, 'நாங்க நல்லா இருக்கோம்டா, நீ படிப்பைப் பார்' என்று சொல்கிறோமே, அந்தப் பொய்யில் இருக்கிறது. பிள்ளையும் அங்கிருந்து 'சாப்பிட்டேம்மா, நல்லா தூங்கறேன்' என்கிறது. இரண்டு பக்கமும் அன்பினால் சொல்லப்படும் பொய். அதனாலேயே யாரும் அதைச் சந்தேகப்படுவதில்லை.

இந்தப் பொய் எவ்வளவு பெரியது என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. மத்திய அரசின் சுகாதார அமைச்சகம் 2017-18இல் நாடு முழுவதும் 45 வயதுக்கு மேற்பட்ட சுமார் 72,000 பேரிடம் முதுமை பற்றிய பெரிய ஆய்வு ஒன்றை நடத்தியது. அதில் 60 வயதைக் கடந்தவர்களில் 'எனக்கு மனச்சோர்வு என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்' என்றவர்கள் 0.8 சதவீதம். அதே வயதினரிடம் தூக்கம், பசி, ஆர்வம், சோர்வு என்று அறிகுறிகளைக் கேட்டு அளந்தபோது, பெரிய மனச்சோர்வு இருக்கக்கூடியவர்கள் 8.3 சதவீதம். பத்து மடங்கு! பத்துப் பேரில் ஒன்பது பேருக்குத் தங்களுக்கு என்ன என்றே தெரியவில்லை, அல்லது தெரிந்தும் யாரிடமும் காட்டவில்லை. அறுபதில் அளக்கப்படும் அந்த மௌனத்தைப் பலர் ஐம்பதிலேயே பழக ஆரம்பித்துவிடுகிறார்கள் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

மும்பையில் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். 2017 ஆகஸ்டில் அந்தேரி லோகண்ட்வாலாவில், அமெரிக்காவிலிருந்து வந்த மகன் பத்தாவது மாடி வீட்டைத் திறந்தபோது தாயின் எலும்புக்கூடுதான் கிடைத்தது. அந்த அம்மாவுக்கு அறுபதைக் கடந்து சில வயதுதான். மகனோடு கடைசியாகப் பேசியது 2016 ஏப்ரலில். அந்தப் பேச்சில், தனியாக இருக்க முடியவில்லை, முதியோர் இல்லத்துக்குப் போகிறேன் என்று அவர் சொன்னதாகச் செய்திகள் வந்தன. நாடே மகனைத் திட்டியது. திட்டி என்ன பயன்? ஒரு அடுக்குமாடி முழுக்க மனிதர்கள். வாட்ச்மேன் இருந்தார். பராமரிப்புத் தொகை கேட்டுக் கதவைத் தட்டியிருப்பார்கள், திறக்கவில்லை என்று போயிருப்பார்கள். 'அந்த அம்மாவைப் பார்த்து எத்தனை நாளாச்சு?' என்று கேட்கும் ஒரு ஆள் இல்லாமல் போனதுதான் என் மனத்தை இன்றும் அறுக்கிறது. அப்படி ஒரு ஆளைத் தேடிக்கொள்ளும் வயது அறுபத்து மூன்று இல்லை. நாற்பத்தெட்டு, ஐம்பது.

புனேவுக்கே வருகிறேன். தனியாக இருக்கும் பெற்றோரை இப்போது மிக நன்றாகப் 'புரிந்துகொண்டிருப்பவர்கள்' யார் தெரியுமா? திருடர்கள். 2025 ஆகஸ்டில் 82 வயதான ஓய்வுபெற்ற மகாராஷ்டிர அரசு அதிகாரி ஒருவருக்கு இந்த நகரத்தில் ஒரு போன் வந்தது. மும்பைப் போலீஸ் என்றும், சி.பி.ஐ. என்றும் மாறி மாறிப் பேசினார்கள். பண மோசடி வழக்கில் உங்கள் பெயர் இருக்கிறது என்றார்கள். 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று சொல்லி கணவனையும் மனைவியையும் வீட்டுக்குள்ளேயே போன் முன்னால் உட்கார வைத்தார்கள். மகள்கள் வெளிநாட்டில். பறிபோனது 1 கோடியே 19 லட்ச ரூபாய். அக்டோபரில் அந்தப் பெரியவர் மாரடைப்பில் இறந்துபோனார். அதற்குப் பிறகுதான் மனைவி புகார் கொடுத்தார்.

பணத்தைவிட என்னைக் கலங்கடித்தது நடுவில் கழிந்த அந்த வாரங்கள். 'யாரிடமும் சொல்லக்கூடாது' என்பதுதான் இந்தத் திருடர்களின் முதல் கட்டளை. பிள்ளைகளிடம் சொல்லாமல் இருப்பதில் ஏற்கெனவே தேர்ந்துவிட்ட பெற்றோருக்கு அந்தக் கட்டளை எவ்வளவு சுலபமாகப் படிந்துவிடுகிறது பாருங்கள்! 'குழந்தை கவலைப்படும்' என்று முட்டி வலியை மறைத்தோம், மாத்திரையை மறைத்தோம், அழுகையை மறைத்தோம். கடைசியில் கொள்ளையையும் மறைக்கிறோம்.

ஆகவே இதை இன்றே மனத்தில் எழுதிக்கொள்ளுங்கள். டிஜிட்டல் அரெஸ்ட் என்று ஒன்று இந்தியச் சட்டத்தில் கிடையாது. 2024 அக்டோபர் 'மனதின் குரல்' வானொலி உரையில் பிரதமரே இதைச் சொல்லி எச்சரித்தார். எந்தப் போலீஸும் வீடியோ அழைப்பில் யாரையும் கைது செய்யாது. எந்த நீதிபதியும் சரிபார்ப்பதற்காகப் பணத்தை வேறு கணக்குக்கு அனுப்பச் சொல்ல மாட்டார். 'உங்கள் மகன் அங்கே விபத்தில் மாட்டிக்கொண்டான், உடனே பணம் அனுப்புங்கள்' என்று மகன் குரலிலேயே பேசினாலும் நம்பாதீர்கள். குரலைப் போலி செய்யும் வசதி இப்போது சர்வ சாதாரணம். வீட்டுக்கு மட்டும் தெரிந்த ஒரு அடையாளச் சொல்லைப் பிள்ளையோடு பேசி வைத்துக்கொள்ளுங்கள்: பாட்டி ஊரின் குளத்தின் பெயர், செத்துப்போன நாய்க்குட்டியின் பெயர், எதுவானாலும் சரி. பணம் போய்விட்டது என்று தெரிந்த நிமிஷமே 1930க்குப் போன் செய்யுங்கள். முதல் ஒன்றிரண்டு மணி நேரத்தில் சொன்னால்தான் வங்கிகளில் அதை நிறுத்திப் பிடிக்க வாய்ப்பு அதிகம். வெட்கப்பட்டு இரண்டு நாள் யோசித்தால் பணம் பத்துக் கணக்குகளுக்குச் சிதறிவிடும்.

வெளியிலிருந்து வரும் ஆபத்து இது. உள்ளேயே வளர்வது இன்னும் நிதானமானது.

அம்மாக்களே, உங்கள் விஷயத்தில் காலம் ஒரு கொடுமையான வேலை செய்கிறது. நம் நாட்டுப் பெண்களுக்கு மாதவிலக்கு நிற்கும் சராசரி வயது 46, 47. இருபத்தைந்தில் கல்யாணம், இருபத்தேழில் குழந்தை என்று வைத்துக்கொண்டால், பிள்ளை மேற்படிப்புக்கோ வேலைக்கோ கிளம்பும் வருஷமும் உடம்பு தலைகீழாகும் வருஷமும் ஏறக்குறைய ஒன்றாகவே வந்து நிற்கின்றன. தூக்கம் கெடும், நெஞ்சு படபடக்கும், காரணமில்லாமல் கண்ணீர் முட்டும். உள்ளே இருப்பது ஹார்மோனா, தைராய்டா, பிரிவா, மனச்சோர்வா? மூன்றோ நான்கோ ஒன்றாகவும் இருக்கலாம். 'பையன் ஞாபகம், வேறொன்றுமில்லை' என்று நீங்களே தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். மகளிர் மருத்துவரிடம் போகும்போது 'மகள் போய் இரண்டு மாசமாச்சு' என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அதைச் சொல்லாமல் வந்தால் பாதி விவரம்தான் அவருக்குக் கிடைத்திருக்கும். நெஞ்சு வலி, இடது கை வலி, மூச்சு வாங்குதல் என்றால் மனசு என்று தள்ளிப் போடவே கூடாது, நேராக ஆஸ்பத்திரி.

அப்பாக்களைப் பற்றி எனக்கு இன்னும் கவலை அதிகம். அவர்கள் அழ மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மகனோடு பைக்கில் சிங்கட் மலையடிவாரம் வரை போய் ஜுண்கா பாக்ரி சாப்பிட்டுவிட்டு வந்த மனிதர், இப்போது ஞாயிறும் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொள்கிறார். வாரத்தில் ஒரு நாள் நண்பர்களோடு என்றிருந்த கிளாஸ், தனியாக வீட்டில் தினமும் என்றாகிறது. கேட்டால் 'தூக்கம் வரலை' என்பார். எரவாடாவில் 1986இல் அவசட் தம்பதியர் தொடங்கிய முக்தாங்கண் மறுவாழ்வு மையம் இந்த ஊரில்தான் இருக்கிறது. குடிப்பவரோடு குடும்பத்தையும் உட்கார வைத்துப் பேசுவது அங்கே சிகிச்சையின் ஒரு பங்கு. அங்கே போகும் அளவுக்கு முற்ற விட வேண்டாம் என்பதற்காகத்தான் சொல்கிறேன்: தூக்கத்துக்காகக் குடிக்க ஆரம்பித்த முதல் மாதத்திலேயே குடும்ப டாக்டரிடம் வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள்.

எது சாதாரண வருத்தம், எது எல்லை தாண்டியது? டாக்டர்கள் பார்ப்பது இரண்டு வாரக் கணக்கை. இரண்டு வாரம் தொடர்ந்து, கிட்டத்தட்ட எல்லா நாளும், எதிலும் மனசு ஒட்டவில்லை, விடிகாலை மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது, ருசி போய்விட்டது, சின்ன வேலைக்கும் மலைப்பாக இருக்கிறது, 'நான் இருந்து என்ன' என்று தோன்றுகிறது என்றால் அது வெறும் பிள்ளை ஏக்கம் இல்லை. மருந்தாலும் பேச்சாலும் சரியாகக்கூடிய ஒரு நோய். 'போய்ச் சேர்ந்துவிட்டால் தேவலை' என்ற நினைப்பு ஒரு தடவை வந்தாலும் அன்றைக்கே யாரிடமாவது சொல்ல வேண்டும். டெலி மானஸ் எண் 14416. இலவசம், இரவு பகல் எந்நேரமும் கிடைக்கும், தமிழிலும் மராத்தியிலும் பேசலாம். அறுபதைக் கடந்த பெற்றோர் வீட்டில் இருந்தால் மூத்தோர் உதவி எண் 14567. இந்த எண்களைப் போனில் பதிவதோடு நிற்காமல் ஃபிரிட்ஜ் கதவிலும் ஒட்டிவையுங்கள். தேவைப்படும் நேரத்தில் போனில் தேடும் நிதானம் இருக்காது.

பிள்ளைகளின் பொய்க்கும் இங்கே ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். புனே பிள்ளைகளை அனுப்பும் ஊர் மட்டுமில்லை, அழைத்துக்கொள்ளும் ஊரும்தான். திருநெல்வேலியிலும் கரூரிலும் உட்கார்ந்திருக்கும் எத்தனையோ பெற்றோரின் பிள்ளைகள் ஹிஞ்ஜவாடியிலும் கராடியிலும் விமான் நகரிலும் வேலை பார்க்கிறார்கள். 2024 ஜூலையில் கேரளத்தைச் சேர்ந்த 26 வயது சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட் பெண் ஒருத்தி, புனேயில் ஒரு பெரிய தணிக்கை நிறுவனத்தில் சேர்ந்து நான்கு மாதத்தில் இறந்துபோனாள். பட்டமளிப்பு விழாவுக்காகப் பெற்றோர் வந்திருந்தபோதே அவளுக்கு நெஞ்சு இறுக்கமாக இருந்தது. டாக்டரிடம் கூட்டிப் போனார்கள். தூக்கமில்லாததையும் நேரம் கெட்டுச் சாப்பிடுவதையும் டாக்டர் எடுத்துச் சொன்னார். இரண்டு வாரத்தில் அவள் போய்விட்டாள். வேலைச்சுமையைக் குறித்து அவளுடைய அம்மா அந்த நிறுவனத்தின் தலைவருக்கு எழுதிய கடிதத்தை நாடே படித்தது. நிறுவனம் குற்றச்சாட்டை ஏற்கவில்லை. அந்தத் தாயின் கடிதத்தைப் படித்த நாளிலிருந்து, 'அளவுக்கு மீறிக் கவலைப்படாதே' என்று எந்த அம்மாவிடமும் என்னால் சுலபமாகச் சொல்ல முடிவதில்லை.

சொல்வதெல்லாம், கவலையை வேவு பார்ப்பதாக மாற்றாதீர்கள் என்பதுதான். ராத்திரி இரண்டு மணிக்கு வாட்ஸாப்பில் 'கடைசியாகப் பார்த்த நேரம்' பார்ப்பது, இருக்குமிடத்தைப் போனில் தொடர்வது, அறைத்தோழியின் எண்ணை வாங்கி வைத்துக்கொண்டு அவளை விசாரிப்பது எல்லாம் உங்கள் தூக்கத்தைத்தான் தின்னும். பிள்ளையோ இன்னும் நன்றாக மறைக்கக் கற்றுக்கொள்ளும். 'சாப்பிட்டியா?' என்று கேட்டால் 'ஆச்சு' என்றுதான் பதில் வரும். 'நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டே, எத்தனை மணிக்கு?' என்று கேளுங்கள். அதைவிட நல்ல வழி, நீங்கள் முதலில் உண்மையைச் சொல்வது. 'உன் ரூமைப் பெருக்கும்போது அழுதுட்டேன்டா. அப்புறம் டேக்டிக் குன்றுக்கு நடந்து போனேன், பரவாயில்லை' என்று அம்மா சொன்னால், 'எனக்கும் இங்கே முதல் செமஸ்டர் ரொம்பக் கஷ்டமா இருக்கும்மா' என்று அந்தப் பக்கமும் வாய் திறக்கும். இதனால் படிப்பு கெடாது.

இதெல்லாம் முன்பு இவ்வளவு கனக்கவில்லையே என்று கேட்பவர்கள் உண்டு. ராஸ்தா பேட்டிலும் கட்கியிலும் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்களைப் பாருங்கள். அந்த முதல் தலைமுறையும் யாரோ ஒருவருடைய வீட்டைக் காலி செய்துவிட்டுத்தான் இங்கே வந்தது. ஆனால் ஊரில் அவர்களைப் பெற்றவர்களிடம் இன்னும் நாலு பிள்ளைகள் இருந்தார்கள். 2019-21 கணக்கிலேயே மகாராஷ்டிரத்தில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.7 குழந்தை, தமிழ்நாட்டில் 1.8. ஒருவர் போனால் வீடே போனதுபோலத்தான். நம் அம்மாக்கள் தாங்கியதை நாமும் தாங்க வேண்டும் என்று பல்லைக் கடிக்காதீர்கள். அவர்கள் மீது விழுந்த எடை வேறு.

முதல் வருஷத்தில் மூன்று நாட்களுக்கென்று முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். ஒன்று கணபதி. ஆகஸ்டில் பிள்ளை போனால் வாரங்களிலேயே வந்துவிடும். பையன் டோல் தாஷா குழுவில் அடித்தவன் என்றால், தெருவில் அந்தச் சத்தம் கேட்கும்போது என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். அன்றைக்குத் தனியாக இருக்காதீர்கள். குழுவின் மற்ற பையன்களுக்குச் சாப்பாடு போடுங்கள். அடுத்தது தீபாவளி. மூன்றாவதை யாரும் எதிர்பார்ப்பதில்லை: நவம்பர் முதல் ஞாயிறு. அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி பின்னால் தள்ளுவார்கள். நம் எட்டு மணிக்கு வந்த அழைப்பு ஒன்பதுக்குப் போகும். அதோடு பரீட்சையும் சேர்ந்துகொள்ளும். அழைப்பு மூன்று நாளுக்கு ஒன்றாகும். தினசரி அந்த ஒரு அழைப்பைப் பிடித்துக்கொண்டே நாளை ஓட்டியவர்கள் இந்த வாரத்தில்தான் சாய்கிறார்கள். எட்டு மணியைக் காலியாக விடாதீர்கள்.

நேரத்தை வேறு எதில் போடுவது என்று கேட்டால், புனேயில் அதற்குப் பஞ்சமே இல்லை. விடிகாலையில் வேத்தாள் டேக்டியிலும் பர்வதியிலும் ஏறுபவர்கள், பூங்காக்களில் விட்டல் காட்டே வளர்த்த நவசைதன்ய ஹாஸ்யயோகக் குழுக்கள், ஒவ்வொரு பேட்டையிலும் ஜ்யேஷ்ட நாகரிக் (மூத்த குடிமக்கள்) சங்கம், ஆஷாட வாரி யாத்திரையில் ஆளந்தியிலிருந்தும் தேஹூவிலிருந்தும் பல்லக்குகள் ஊருக்குள் நுழையும்போது வார்கரி யாத்ரீகர்களுக்குச் சாப்பாடு போட்டுக் கால் பிடித்துவிடும் தெருக் குழுக்கள். மராத்தி சரளமாக வராது என்று தயங்கும் தமிழ் அம்மாக்களே, இருபத்தைந்து வருஷம் பிள்ளையை முன்னால் விட்டுப் பேச வைத்தது போதும். உடைந்த மராத்தியில் பேசினால் யாரும் சிரிக்க மாட்டார்கள். 'யா, பஸா' என்று உட்காரச் சொல்வார்கள்.

கணவன் மனைவிக்கு இடையே பிள்ளை என்ற பேச்சு தீர்ந்துபோனால் வேறு பேச்சே இல்லை என்று கண்டுபிடிப்பது பெரிய அதிர்ச்சி. பயப்படாதீர்கள். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தினர் பெண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து 2008இல் வெளியிட்ட ஆய்வு, பிள்ளைகள் வெளியேறிய பிறகு தாம்பத்தியத்தில் திருப்தி கூடியதாகவே சொன்னது. முதல் சில மாதங்களின் வெறுமையை வைத்து இல்லறத்தையே எடை போடாதீர்கள்.

அதே காரணத்துக்காக, முதல் வருஷத்தில் திரும்பப் பெற முடியாத முடிவு எதுவும் எடுக்காதீர்கள். பிளாட்டை விற்காதீர்கள். வேலையை விடாதீர்கள். சொத்தைப் பிள்ளை பெயருக்கு எழுதாதீர்கள். 'நீயாவது எங்களோட இரு' என்று இரண்டாவது குழந்தையின் அட்மிஷனைத் தடுக்காதீர்கள். அந்தக் குழந்தைக்குச் செய்யும் பெரிய அநியாயம் அது. 'அதஸ்ரீ' போன்ற மூத்தோர் குடியிருப்புகள் இந்தியாவிலேயே முன்னோடியாக எழுந்த ஊர் இது. போய்ப் பார்ப்பது நல்லதுதான், ஆனால் அழுத கண்ணோடு முன்பணம் கட்டாதீர்கள்.

வெளியூரிலிருந்து இதைப் படிக்கும் பிள்ளைகளுக்கும் வேலை இருக்கிறது. அடுத்த முறை வரும்போது அப்பா அம்மாவின் மருந்துச் சீட்டைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அவர்களுடைய டாக்டரிடம் நேரில் உட்கார்ந்து பேசுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் எண்ணும் சொசைட்டி செயலாளர் எண்ணும் வாட்ச்மேன் எண்ணும் உங்கள் போனில் இருக்கட்டும். அப்பா அம்மாவின் சம்மதத்தோடு வீட்டு மறுசாவி ஒன்றை நம்பிக்கையான பக்கத்து வீட்டில் கொடுத்து, 'காலை பத்து மணிக்குள் பால் பாக்கெட் எடுக்கப்படவில்லை என்றால் கதவைத் திறந்து பாருங்கள், பிறகு எனக்குப் போன் செய்யுங்கள், ராத்திரி எந்த நேரமானாலும்' என்று நேரிலேயே சொல்லிவிட்டு விமானம் ஏறுங்கள்.